தானியப் பயிர்களில் மிகைக் குரோமோசோம்கள்

மக்காச்சோளத்தின் உயிரணுவில் 20 குரோமோசோம்கள் உள்ளன. ரை என்னும் குளிர்நாட்டுத் தானியத்தில் 14. ஓரினத்துக்கு இத்தனை என்னும் எண் மாறாதது என்றே ஆராய்ச்சியாளர் தொடக்கத்தில் எண்ணினர். உருப்பெருக்கியின் கீழே சில செடிகள் இக்கணக்கை மீறின. ரைப் பயிரில் மிகையானவற்றைக் கண்டு 1924இல் கோத்தோ எழுதினார். மக்காச்சோளத்தில் கண்டு 1927இல் லாங்லி எழுதினார். மறு ஆண்டில் ராண்டால்ஃப் என்பவர் வழக்கமானவற்றை 'ஏ' என்றும் மிகையானவற்றை 'பி' என்றும் பிரித்தார். அப்பெயரே நிலைத்தது.

பி குரோமோசோம் செடிக்கு இன்றியமையாததன்று. அஃது இல்லாத செடியும் செழித்தே வளரும். மிகப் பல சேர்ந்தாலோ, மகரந்தமும் விதையும் குன்றும். அங்ஙனமாயின், உதவாத ஒன்று தலைமுறைதோறும் அழியாமல் தொடர்வது எவ்வாறு?

மக்காச்சோளத்தில் இதற்கு விடை கண்டவர் ஹெர்ஷல் ரோமன். மகரந்தத்தினுள் இரண்டு விந்தணுக்கள் உருவாகும்போது, ஏ குரோமோசோமின் இரு கூறுகளும் ஆளுக்கொன்றாகப் பங்கிடப்படும். பி குரோமோசோமின் இரு கூறுகளோ பெரும்பாலும் பிரியாமல் ஒரே விந்தணுவில் சேர்ந்துவிடும். இதனை அவர் 1947இல் காட்டினார். அவ்விந்தணுவே முட்டையுடன் மிகுதியாகக் கூடுகிறது என்பதையும் 1948இல் நிறுவினார். மற்ற விந்தணுவுக்கு முளைசூழ்தசையோடு வேலை முடிந்தது. அடுத்த தலைமுறைக்குச் செல்லும் வழி அதற்கு இல்லை. ரையில் இச்சூழ்ச்சி ஒருபடி முன்னதாக, மகரந்தத்தின் முதற் பிரிவிலேயே நடைபெறுகிறது. சூழ்ச்சி என்பது உவமையே. குரோமோசோமுக்கு எண்ணம் ஏது?

கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் முன்னர்ப் பணியாற்றிய ஜானகி அம்மாளும் இவ்வரலாற்றில் இடம்பெறுகிறார். காட்டுச்சோள வகை ஒன்றில் இவை செடி வளரும்போதே பல உறுப்புகளிலிருந்து மறைந்து, பூங்கொத்தில் எஞ்சுகின்றன. இவ்விந்தையைப் பற்றி அவர் 1940இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்.

இவை எங்கிருந்து வந்தன என்பது வெகுகாலம் புதிராகவே இருந்தது. 2012இல் செருமனியின் காட்டர்சுலேபன் ஆராய்ச்சி நிலையத்தாரும் பிறரும் ரையின் பி குரோமோசோமைப் படித்துப் பார்த்தனர். அது ஏறத்தாழ 11 முதல் 13 இலட்சம் ஆண்டுகளுக்கு முன், அப்பயிரின் 3ஆம், 7ஆம் குரோமோசோம்களின் துண்டுகளிலிருந்து பிறந்தது எனத் தெரிந்தது. பசுங்கணிகத்தின் சிதறல்களும் அதில் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒட்டுப்போட்ட துணி போன்றதுதான் அதன் அமைப்பு.

மக்காச்சோளத்தின் பி குரோமோசோமையோ மரபணு எதுவுமற்ற வெற்றுப்பொருள் என்றே பலர் நெடுநாள் கருதி வந்தனர். 2021இல் வெளிவந்த ஆய்வு அதில் 758 மரபணுக்களைக் கண்டது. அவை ஏதோ ஒரு குரோமோசோமிலிருந்து வந்தவையல்ல. பத்து ஏ குரோமோசோம்களிலிருந்தும் சிறிது சிறிதாகத் திரண்டவை.