கொற்கையில் கடல் எங்கே போயிற்று?

பாண்டியரின் முத்துத் துறைமுகம் கொற்கை என்பது பள்ளிப் பாடத்திலேயே வரும் செய்தி. ஆனால் இன்று அங்கே போனால் வயலும் குளமும்தான் கண்ணில் படும். கடல் சுமார் 6 கி.மீ. கிழக்கே இருக்கிறது. கடல் எங்கே போயிற்று?

இதற்கு விடை மண் அடுக்குகளில் இருக்கிறது. அதைப் படிக்க ஒரு விதி உண்டு. வண்டல் படுக்கை வாட்டில்தான் படியும். அடியில் இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது. 1669ல் நிக்கோலாஸ் ஸ்டெனோ சொன்னது இது.

இந்த விதியை எல்லா இடத்திலும் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா? முடியாது. நான்கைந்து துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக விரித்து, இரண்டு பக்கமும் கையால் தள்ளிப் பாருங்கள். மேடும் பள்ளமுமாக மடியும். ஸ்காட்லாந்துக்காரர் சர் ஜேம்ஸ் ஹால் 1812ல் இப்படித் துணியை வைத்துத்தான் பாறை மடிப்பை விளக்கினார்.

மடிப்பின் இரண்டு பக்கமும் ஒரே அளவு சாய்ந்திருந்தால் அது சமச்சீர் மடிப்பு. அதன் மேல்பகுதி தேய்ந்த பிறகு குறுக்கே நடந்தால் அடுக்குகள் 1, 2, 3, 2, 1 என்று கண்ணாடி பிம்பம் போலத் திரும்ப வரும். ஒரு பக்கம் மட்டும் செங்குத்தாக இருந்தால் சமச்சீரற்ற மடிப்பு. இன்னும் தள்ளினால் அந்தப் பக்கம் கவிழ்ந்து, பழைய அடுக்கு மேலே வந்துவிடும். அங்கே ஸ்டெனோ விதியை அப்படியே வைத்துப் படித்தால் வரலாறு தலைகீழாகிவிடும்.

தாமிரபரணி பிறக்கும் பொதிகை மலைப் பாறைகள் 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே பூமியின் ஆழத்தில் வெந்து மடிந்தவை. அதே ஆறு கொற்கையில் கொண்டு வந்து போட்ட வண்டலோ நேற்றைய மண், மடியாதது. அதனால் அங்கே விதி செல்லும். மனிதர் தோண்டிய குழிகளை மட்டும் கவனமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கால்டுவெல் கொற்கையில் தோண்டிப் பார்த்து, மண்ணுக்குள் கடல் சிப்பிகளைக் கண்டார். ஆற்று வண்டல்தான் கடலைத் தள்ளியது என்று 1881ல் வெளிவந்த தன் திருநெல்வேலி வரலாற்றில் எழுதினார். கொற்கை தூர்ந்தபின் காயல் துறைமுகமானது. பிறகு அதுவும் தூர்ந்தது.

1968-69ல் தமிழகத் தொல்லியல் துறை இங்கே அகழ்ந்தது. கிடைத்த கரியின் காலம் சுமார் கி.மு. 785 என்று கார்பன் சோதனை காட்டியது. கரிக்குத்தான் ஆண்டு தெரியும். அதற்கு மேலும் கீழும் கிடைத்தவற்றுக்கு முன்பின் சொல்வது அடுக்கின் ஒழுங்கு மட்டுமே.

துறைமுகத்தை அழித்த வண்டல்தான் அதன் வரலாற்றையும் கலையாமல் காப்பாற்றி வைத்திருக்கிறது.