கோலார்ச் சுரங்கமும் பாறையின் சுமையும்

முகத்துவாரம் தூர்ந்தால் பழவேற்காட்டு மீனவர்க்கு வாழ்வில்லை. அவர்க்குத் திறந்த வழியே வாழ்வு. கோலார் தங்கவயலில் உழைத்த தமிழர்க்கோ, தாம் வெட்டித் திறந்த இடமே அச்சந் தந்தது.

1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் அங்குப் பணி தொடங்கியபின், வடஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து தமிழர் பெருந்திரளாகச் சென்றனர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அவ்வாழத்தில் தாதுவை வெட்டி எடுத்தால், அது தாங்கியிருந்த சுமை அண்டைப் பாறைமீது ஏறும். மேற்பாறையைத் தாங்கட்டும் என்று வெட்டாது விட்ட தூண்களே அச்சுமையைத் திரட்டி, எல்லை கடந்ததும் வெடித்துச் சிதறின. காப்பெனக் கருதியதே கேடாயிற்று. இப்பாறை வெடிப்புகளின் அதிர்வை அறிய 1912இல் நிலநடுக்கமானி நிறுவப்பட்டது.

பட்டறிவு இரண்டு நெறிகளைத் தந்தது. தனித்த தூண் எஞ்சாதவாறு வெட்டும் வரிசையை வகுத்தல் ஒன்று. வெட்டிய வெளியைக் கருங்கல் அடுக்காலும், பின்னாளில் காங்கிரீட்டாலும் விரைந்து நிரப்புதல் மற்றொன்று. நிரப்பிய இடத்தில் இருபுறப் பாறைகளும் நெருங்குவது மட்டுப்பட்டது. எனினும் வெடிப்பு அறவே ஒழியவில்லை.

1988இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் கோலாரிலேயே தோன்றியது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. இந்நெறிகளைக் கணக்கும் கருவியும் மட்டும் தந்துவிடவில்லை. கல் அடுக்கிய கைகளும், இறங்கி மீளாத உயிர்களும் அவற்றுள் அடங்கியுள்ளன. அவர்களைப் பாடும் கடன் தமிழ்க் கவிஞர்க்கு இன்னும் உண்டு.