சுனாமி சுருட்டிய டீசல் இன்ஜின் மீண்டும் ஓடியது எப்படி?

2004 டிசம்பர் 26 காலை. கொழும்பு கோட்டையில் இருந்து மாத்தறைக்குப் போன ரயில், இலங்கையின் தெற்குக் கரையில் உள்ள பெரலிய கிராமத்தில் நின்றது. சுனாமி அலை பெட்டிகளைப் புரட்டிப் போட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். உலகின் மிக மோசமான ரயில் விபத்தாக இதைச் சொல்கிறார்கள்.

அந்த ரயிலை இழுத்துப் போனது ‘மனிடோபா’ என்ற 591-ம் எண் டீசல் இன்ஜின். கடல் நீரில் சிக்கிய அதே இன்ஜின், பழுது பார்க்கப்பட்டு மறுபடியும் ஓடியது. இது எப்படி நடந்தது?

யார் கொடுத்த இன்ஜின்?

இது ‘எம்2’ வகையைச் சேர்ந்தது. 1950-களில் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா உதவியாகக் கொடுத்த இன்ஜின்களுக்கு ஒன்டாரியோ, ஆல்பர்ட்டா என கனடா மாகாணங்களின் பெயர்களே வைக்கப்பட்டன. மனிடோபாவும் அப்படி வந்த பெயர்தான். ஜெனரல் மோட்டார்ஸ் தயாரிப்பு. 12 சிலிண்டர், சுமார் 1,400 குதிரைத்திறன்.

உப்பு நீர் என்ன செய்யும்?

டீசல் ரயில் இன்ஜினில் டீசல் நேரடியாகச் சக்கரத்தைச் சுற்றுவதில்லை. டீசல் இன்ஜின் ஜெனரேட்டரைச் சுற்றும். அந்த மின்சாரத்தில்தான் சக்கர அச்சில் உள்ள டிராக்‌ஷன் மோட்டார்கள் ஓடும். இந்த மோட்டார்கள் தரைக்குப் பக்கத்தில் இருப்பதால் வெள்ளத்தில் முதலில் மூழ்குவது அவைதான்.

நல்ல தண்ணீர் காய்ந்துவிடும். உப்பு காயாது. செம்புக் கம்பிச் சுருளின் இன்சுலேஷனில் தங்கி, காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அப்படியே கரண்ட் கொடுத்தால் ஷார்ட் ஆகி மோட்டார் எரிந்துவிடும்.

சரி செய்வது எப்படி?

இதுபோல நீரில் மூழ்கிய இன்ஜின்களுக்குப் பொதுவாகச் செய்யும் வேலைகள் இவை:

• மோட்டார், ஜெனரேட்டரைக் கழற்றி நல்ல தண்ணீரில் உப்பு போகும்வரை கழுவுவார்கள். பிறகு சூளையில் வைத்து உலர்த்தி, வார்னிஷ் ஏற்றுவார்கள். மெகர் கருவியில் இன்சுலேஷன் தேறாவிட்டால் கம்பியை மறுபடி சுற்ற வேண்டும்.

• ஆயில், டீசல் முழுவதையும் வடித்துவிட்டு, பேரிங்குகளில் மணல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

• ஸ்டார்ட் செய்யும் முன், சிலிண்டர்களின் வால்வைத் திறந்து வைத்து இன்ஜினை மெதுவாகக் கையால் சுற்றுவார்கள். உள்ளே தண்ணீர் இருந்தால் வெளியே பீய்ச்சும்.

பழைய இன்ஜினுக்கு உதிரி பாகம் கிடைக்குமா? இந்த ரகத்தில் பிஸ்டன், லைனர், சிலிண்டர் ஹெட் மூன்றும் ஒரே தொகுப்பாகக் கழன்று வரும். கெட்டுப்போன சிலிண்டரை மட்டும் மாற்றலாம். அதே நிறுவனம் பின்னாளில் செய்த இன்ஜின்களின் சில பாகங்களும் இதில் பொருந்தும். இவை அரை நூற்றாண்டைத் தாண்டி ஓடியதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

நம்ம பைக்குக்கும் இதே விதி

2024 டிசம்பர் 1-ம் தேதி, ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் அதிகமாக மழை கொட்டியது. லாஸ்பேட்டை பக்கமுள்ள கிருஷ்ணா நகரில் தண்ணீர் சூழ்ந்து, ராணுவம் வந்து மக்களை மீட்டது. அப்படி மூழ்கிய பைக்கில் பலர் செய்யும் தவறு, உடனே செல்ஃப் ஸ்டார்ட்டை அழுத்திப் பார்ப்பது.

தண்ணீரை பிஸ்டனால் அமுக்க முடியாது. உள்ளே தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஆயில் மாற்றி முடிக்க வேண்டிய செலவு, இன்ஜினையே பிரிக்கும் செலவாகிவிடும். அதனால் சாவி போடாமல் தள்ளிக்கொண்டு போய், பிளக், ஏர் ஃபில்டர், ஆயிலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஏன் மீண்டும் ஓட்டினார்கள்?

மனிடோபாவைக் கழித்துக் கட்டியிருக்கலாம். ஆனால் மீண்ட இன்ஜினின் கீழ்ப்பகுதியில் அலை போல வண்ணம் தீட்டப்பட்டது. டிசம்பர் 26 நினைவு நாளில் அது பெரலியவுக்கு ரயிலை இழுத்து வந்தது. உறவுகளை இழந்தவர்கள் அன்று கூடி அஞ்சலி செலுத்தும் இடத்தில், அந்த ரயிலும் வந்து நின்றது.