குடும்பம்வழிச் சிகிச்சை (உண்ணல் கோளாறுகள்)

குடும்பம்வழிச் சிகிச்சை என்பது அனோரெக்சியா, புலிமியா ஆகிய உண்ணல் கோளாறுகளுக்கு ஆளான வளரிளம் பருவத்தினரைப் பெற்றோரின் பொறுப்பில், வீட்டிலேயே உண்ணவைத்து மீட்கும் முறை. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் கிறிஸ்டோபர் டேர், ஐவன் ஐஸ்லர் முதலியோர் இதை உருவாக்கினர். முதல் ஒப்பீட்டு ஆய்வு 1987இல் வெளியானது.

1870களில் அனோரெக்சியாவுக்குப் பெயரிட்ட ஆங்கில மருத்துவர் வில்லியம் கல், நோயாளியைக் கவனிக்க உறவினர்களே மிகவும் தகாதவர்கள் என்றார். அந்த எண்ணம் நூறாண்டு நீடித்தது. பிள்ளையைப் பிரித்து வைத்தார்கள், பழியைத் தாயின் தலையில் போட்டார்கள். பெரும் அநீதி அது. இச்சிகிச்சையோ நோய்க்குக் காரணம் தேடி வீட்டாரைக் குடைவதில்லை.

முதற்கட்டத்தில் என்ன, எவ்வளவு, எப்போது சாப்பிடுவது என்பதைப் பெற்றோரே முடிவு செய்வார்கள். தட்டு காலியாகும்வரை ஒருவர் கூடவே இருப்பார். திட்டுவதில்லை, பேரம் பேசுவதில்லை. முரண்டு பிடிப்பது நோய்தான், பிள்ளை அல்ல என்ற தெளிவே அவர்களைத் தாங்குகிறது. உடன்பிறந்தவர்களுக்குக் காவல் வேலை கிடையாது. அவர்கள் ஆறுதலாக இருந்தால் போதும். எடை தேறியதும் உணவுப் பொறுப்பு சிறிது சிறிதாகப் பிள்ளையிடம் திரும்பும். மொத்தம் 6 முதல் 12 மாதங்கள் ஆகும். 121 பேரிடம் நடந்து 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வில், சிகிச்சை முடிந்து ஓராண்டுக்குப்பின் இம்முறையில் 49 விழுக்காட்டினரும் தனிநபர் சிகிச்சையில் 23 விழுக்காட்டினரும் முழுமையாகத் தேறியிருந்தனர்.

உடல் மிக மெலிந்து, நாடித்துடிப்பு குறைந்திருந்தால் முதலில் மருத்துவமனைதான். பட்டினி கிடந்த உடலுக்குத் திடீரென நிறைய ஊட்டினால் இரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயம் பாதிக்கப்படலாம்.

குடும்பத்தைச் சிகிச்சையில் சேர்ப்பது இந்தியாவுக்குப் புதிதல்ல. 1950களில் அமிர்தசரஸில் மருத்துவர் வித்யாசாகர், மனநோயாளிகளுடன் உறவினர்களையும் மருத்துவமனை வளாகக் கூடாரங்களில் தங்கவைத்தார். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் அந்த வழியில் வந்ததே. உண்ணல் கோளாறுகளும் இங்கு இல்லாதவை அல்ல. பெங்களூரு மனநல மருத்துவர்களிடம் பிரபா சந்திரா குழு நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வில், உண்ணல் கோளாறு உள்ள ஒருவரையாவது பார்த்திருப்பதாகப் பெரும்பாலோர் கூறினர். வேலூரில் உண்ணல் கோளாறுக்காகப் பார்த்த சிறார்களிடமோ மனம்சார்ந்த வாந்தியே மிகுதி. குண்டாகிவிடுவோம் என்ற பயத்தை மட்டும் தேடினால் நம் பிள்ளைகள் பலரின் நோய் கண்ணில் படாமல் போய்விடும்.

பெங்களூரின் அல்சூரில் மூன்று தலைமுறை ஒரே சமையலறையைப் பகிரும் வீடுகளில் பாட்டியையும் ஆலோசனைக்கு அழைக்க வேண்டும். "பிடிக்கலைன்னா விடேம்மா, பாவம்" என்ற ஒரு சொல் அன்றைய உழைப்பைக் கெடுத்துவிடும். விரதம், சைவத்துக்கு மாறுதல் ஆகியவற்றின் பெயரிலும் நோய் மறைந்திருக்கலாம். வீட்டில் வன்முறை இருந்தால் இம்முறை பொருந்தாது.

அல்சூருக்குத் தெற்கே, ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தில் குழந்தைகள், வளரிளம் பருவத்தினருக்கான தனி மனநலத் துறை உள்ளது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண் 14416இல் தமிழிலும் பேசலாம்.