தொழில்முறை விளையாட்டில் வர்க்கம்: அரியலூர், பெரம்பலூர்

மார்க்சியத்தில் ஒருவரின் வர்க்கத்தைத் தீர்மானிப்பது அவருடைய சம்பளத்தின் அளவல்ல, உற்பத்திச் சாதனங்களோடு அவருக்குள்ள உறவு. தொழில்முறை விளையாட்டுக்கு இதைப் பொருத்தினால், அணியும் மைதானமும் ஒளிபரப்பு உரிமையும் யார் கையில் இருக்கின்றன என்ற கேள்வி முன்னால் வந்து நிற்கிறது. அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் ஐ.பி.எல். ஆட்டம் எதுவும் நடப்பதில்லை. ஆனாலும் தமிழ்நாட்டில் இந்தக் கேள்வியைக் கேட்க இவற்றைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. சச்சின், லாரா, கோலி ஆகியோரின் மட்டைகளில் தன் பெயரை ஒட்டிய எம்.ஆர்.எஃப். நிறுவனத்துக்குப் பெரம்பலூர் மாவட்டம் நாரணமங்கலத்தில் டயர் ஆலை உண்டு. சென்னை சூப்பர் கிங்ஸ் அணியை வாங்கிய இந்தியா சிமெண்ட்ஸின் ஆலைகளில் ஒன்று அரியலூர் மாவட்டம் தளவாயில் இருக்கிறது.

அரியலூர் மண்ணுக்கடியில் கிடக்கும் சுண்ணாம்புக்கல், ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்ததன் மிச்சம். அதை நம்பித்தான் அரசின் டான்செம், ராம்கோ, டால்மியா, அல்ட்ராடெக், செட்டிநாடு என்று ஆலைகள் வரிசையாக வந்தன. சுரங்கத்தில் வெடி வைத்துக் கல்லைப் பெயர்த்து, அரைத்து, சூளையில் சுட்டு, மூட்டையாக்கி, லாரியில் ஏற்றும் ஒவ்வொரு கட்டத்திலும் மனித உழைப்பு இருக்கிறது. சாலையோர மரங்களின் இலைகளில் படியும் சாம்பல் நிறப் புழுதியும் அந்தக் கணக்கில் சேர்ந்ததே. இப்படி வளர்ந்த இந்தியா சிமெண்ட்ஸ் 2008இல் 9.1 கோடி டாலருக்குச் சென்னை அணியை ஏலத்தில் எடுத்தது. பின்னர் அணி ஒரு தனி நிறுவனத்துக்கு மாற்றப்பட்டு, அதன் பங்குகள் இந்தியா சிமெண்ட்ஸ் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. 2024 டிசம்பரில் இந்தியா சிமெண்ட்ஸின் கட்டுப்பாடு அல்ட்ராடெக் கைக்குப் போனது. தளவாய் ஆலையும் அதோடு போனது, அணி போகவில்லை. சிமெண்ட் தொழிலில் உருவான மூலதனம் விளையாட்டுக்குள் நுழைந்து, அங்கே பெருகி, தனக்குப் பிறப்பிடமான ஆலையை விட்டு விலகிவிட்டது. அந்தப் பங்குப் பிரிவினையில் சுரங்கத்திலும் சூளையிலும் வேலை செய்தவர்களுக்குத் தொழிலாளி என்ற முறையில் இடமே இல்லை. சட்டம் அதைக் கேட்கவும் இல்லை. உழைப்பவர் உண்டாக்கி உரிமையாளர் எடுத்துக்கொள்ளும் மதிப்பை மார்க்சு உபரி மதிப்பு என்று விளக்கியதை ஏட்டுக் கருத்தாக நினைக்கிறவர்கள் இந்த ஒரு கைமாற்றத்தைக் கவனித்தால் போதும்.

கோடிகளில் ஊதியம் வாங்கும் ஆட்டக்காரரை எப்படித் தொழிலாளி என்பது என்ற மறுப்பு உடனே எழும். நியாயமான மறுப்புதான். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்த தங்கராசு நடராஜனை 2017 ஏலத்தில் பஞ்சாப் அணி 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அவரையும் ஆலைத் தொழிலாளியையும் ஒரே தட்டில் வைப்பது அபத்தம். ஆனால் எந்த அணிக்கு ஆடுவது என்பதை ஏலத்தில் நிற்கும் ஆட்டக்காரர் முடிவு செய்ய முடியாது. காயம் பட்டாலோ வேகம் குறைந்தாலோ அவரிடம் விற்பதற்கு வேறொன்றும் இல்லை. மொத்தக் கணக்கும் இதையே சொல்கிறது. 2023 முதல் 2027 வரையிலான ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு விற்றது. ஆண்டுக்குச் சுமார் 9,678 கோடி. 2025 பருவத்துக்கு ஆட்டக்காரர்களை எடுக்க ஓர் அணிக்கு விதிக்கப்பட்ட உச்சவரம்பு 120 கோடி, பத்து அணிகளுக்கும் சேர்த்து 1,200 கோடி. ஆட்டக் கட்டணத்தைத் தனியே வைத்தால், இது ஒளிபரப்பு வருமானத்தில் மட்டும் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்தில் மொத்த வருமானத்தில் ஏறத்தாழப் பாதி ஆட்டக்காரர்களுக்குப் போகிறது. 1954இல் தொடங்கிய அவர்களுடைய சங்கம் பேரம் பேசி வாங்கிய பங்கு அது. இந்தியாவில் 2019இல் அமைந்த கிரிக்கெட் வீரர்கள் சங்கம் ஓய்வுபெற்றவர்களுக்கானது. களத்தில் ஆடுகிறவர்களுக்குப் பேரம் பேசும் சங்கம் கிடையாது.

ரசிகரின் இடம் இதைவிடச் சிக்கலானது. ஒளிபரப்பாளர் விளம்பரதாரருக்கு விற்கும் சரக்கு நிகழ்ச்சியல்ல, பார்வையாளரின் கவனமே என்று ஊடக ஆய்வாளர் டல்லாஸ் ஸ்மைத் 1977இல் வாதிட்டார். சூதாட்ட வழக்கால் 2016, 2017 ஆண்டுகளில் சென்னை அணி இடைநிறுத்தப்பட்டபோதும் மஞ்சள் சட்டைக்கான பாசம் குறையவில்லை. 2018இல் அணி திரும்பி வந்து கோப்பையையும் வென்றது. இரண்டாண்டு ஆடாத அணியின் மதிப்பைக் காத்தது அந்தப் பாசம்தான். அதே 2018 ஏப்ரலில், காவிரி மேலாண்மை வாரியம் கேட்டு நடந்த போராட்டங்களால் சேப்பாக்கத்து ஆட்டங்கள் புனேவுக்கு மாற்றப்பட்டன. ரசிகர்கள் சிறப்பு ரயிலேறி அங்கே போனார்கள். கொள்ளிடக் கரையில் பாசனத் தண்ணீரை எதிர்பார்த்திருந்த அரியலூர் மாவட்ட விவசாயி வீட்டிலும் ஒரு சூப்பர் கிங்ஸ் ரசிகர் இருந்திருக்கலாம். இந்தப் பாசத்தை மயக்கம் என்று தள்ளுவது எளிது. டிரினிடாட்டின் மார்க்சியரான சி.எல்.ஆர். ஜேம்ஸ் 1963இல் வெளியான தம் கிரிக்கெட் நூலில் அப்படித் தள்ளவில்லை. காலனிய அடிமைத்தனத்தை எதிர்க்கும் துணிவு ஆடுகளத்திலும் பிறந்ததைக் காட்டினார். ரசிகரின் மகிழ்ச்சி உண்மையானது. அந்த மகிழ்ச்சி பணமாக மாறும்போது அது யாரிடம் போய்ச் சேருகிறது என்பதுதான் பிரச்சினை.

வர்க்கம் மட்டும் பேசினால் சாதி விடுபடும் என்பது தமிழ்நாட்டில் தவிர்க்க முடியாத மறுப்பு. கபடியில் இது வெளிப்படை. பொங்கலையும் திருவிழாவையும் ஒட்டி நடக்கும் ஊர்க் கபடியில் அணிகள் பெரும்பாலும் தெருவாரியாகவே அமைகின்றன. தெருவோ சாதிவாரியாக அமைந்தது. முதல் பரிசு, இரண்டாம் பரிசு யார் உபயம் என்று நோட்டீசில் அச்சிடும் பெயர்களும் அந்த வரிசையைப் பின்பற்றுவதுண்டு. 2014இல் தொடங்கிய புரோ கபடி ஏலம் இந்தத் தெரு எல்லையைத் தாண்டி ஆட்டக்காரருக்கு விலை வைக்கிறது. 2022இல் தமிழ் தலைவாஸ் அணி பவன் ஷெராவத்தை 2.26 கோடிக்கு எடுத்தபோது கேட்கப்பட்டது திறமையே. இந்த விடுதலையைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. ஆனாலும் அது ஏலத்துக்கு வந்துசேரும் சிலருக்கு மட்டுமே வாய்க்கிறது. நிலமும் நேரமும் சத்தான உணவும் இல்லாத தெருக்களில் திறமை அதற்கு முன்பே நின்றுபோகிறது. சாதியைச் சேர்க்காத வர்க்க ஆய்வு இங்கே பாதி உண்மையைத்தான் பிடிக்கும்.

அணி நடத்தப் பெருமூலதனம் வேண்டும், வேறு வழியில்லை என்பது கடைசி மறுப்பு. ஆனால் ஜெர்மனியின் கால்பந்துக் கழகங்களில், சில விலக்குகள் நீங்கலாக, வாக்குரிமையில் பெரும்பான்மை உறுப்பினர்களிடம் இருக்க வேண்டும் என்பது 1998 முதல் விதி. அங்கே ரசிகர் கழக உறுப்பினராகி வாக்களிக்கிறார். சென்னை அணியின் பங்கை அரியலூர் ரசிகர் காசு கொடுத்து வாங்கலாம். ஆனால் அது முதலீட்டாளருக்குக் கிடைக்கும் குரல். ரசிகர் என்ற முறையில் வாக்களிக்கும் உரிமை எந்த ஐ.பி.எல். அணியிலும் இல்லை.