காற்றின் கணக்கும் ஒரு மறந்த பெயரும்

சூடான பண்டத்தை எவர்சில்வர் சம்படத்திலிட்டு இறுக மூடிவைத்தால், ஆறிய பிறகு மூடி திறக்க மறுக்கும். நம் அடுக்களைகள் நன்கறிந்த செய்தி இது. உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து அழுத்தம் குன்றுகிறது, நீராவியும் நீராகிவிடுகிறது. வெளிக்காற்றோ முன்போலவே மூடியை அழுத்தி நிற்கிறது. சம்படத்தைச் சற்றே வெந்நீரில் வைத்தால் மூடி இளகும்.

இந்த அன்றாட நிகழ்வுக்கு முதன்முதலில் கணக்கெழுத முற்பட்டவர்களுள் ஒருவர் பாரிஸ் நகரத்துக் கியோம் அமோந்தோன் (1663–1705). இளமையிலேயே செவிப்புலனை இழந்தவர். கண்ணாடிக் குமிழில் காற்றை அடைத்து, பாதரசத்தின் உயரத்தால் அதன் அழுத்தத்தை அளந்தார். சாதாரணக் குளிர்நிலையிலிருந்து கொதிநீரின் வெப்பத்துக்குச் செல்கையில் அழுத்தம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுவதை 1702 அளவில் கண்டறிந்தார்.

அதனினும் வியப்பானது அவரது அடுத்த சிந்தனை. குளிரக் குளிர அழுத்தம் குறையுமெனில், அது முற்றும் அற்றுப்போகும் ஓர் எல்லைக் குளிரும் இருக்க வேண்டுமல்லவா? அவருடைய அளவுகளைக் கொண்டு கணக்கிட்டால் அவ்வெல்லை மைனஸ் 240 பாகை செல்சியஸை ஒட்டி வருகிறது. இன்று நாம் அறிந்த தனிச்சுழி மைனஸ் 273.15. முந்நூறு ஆண்டுகளுக்கு முன், ஒரு கண்ணாடிக் குமிழைக் கொண்டு இவ்வளவு அருகே வந்திருக்கிறார்!

அந்தச் சுழி நம் வண்டிச் சக்கரத்திலும் இருக்கிறது. 30 பாகையில் 30 பவுண்டு காட்டும் டயர், ஓடிச் சூடேறி 60 பாகையை எட்டினால் 60 பவுண்டு காட்டுவதில்லை. தனிச்சுழியிலிருந்து எண்ணினால் வெப்பநிலை 303-லிருந்து 333-க்கு, அதாவது பத்தில் ஒரு பங்கே, ஏறியிருக்கிறது. வெளிக்காற்றின் 15 பவுண்டையும் சேர்த்த 45-இல் பத்தில் ஒரு பங்கு நாலரை; ஆகவே மானி ஏறத்தாழ முப்பத்து நாலரை காட்டும். டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றை அளக்க வேண்டும் என்பதன் காரணம் இதுதான்.

இவ்விதியை இன்று பெரும்பாலான பாடநூல்கள் கே-லுசாக்கின் பெயரால் வழங்குகின்றன. அவர் நேர்மையாளர், வாயுக்களின் விரிவு பற்றி 1802-இல் எழுதியபோது, பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே அதனைக் கண்டும் வெளியிடாதிருந்த ஜாக் சார்லஸை மறவாமல் குறிப்பிட்டார். சார்லஸின் பெயர் நிலைத்தது அதனால்தான். அழுத்த விதியைப் பொறுத்தவரை, அமோந்தோனின் பெயரைச் சில நூல்களே நினைவுகூர்கின்றன.

இயற்பெயர் அறியாத புலவனையும் அவன் சொல்லாலேயே செம்புலப்பெயனீரார் என்று அழைத்துக் காத்தது நம் தொகை மரபு. பெயர் தெரிந்தும் ஒருவரை மறப்பது அதனினும் எளிதாக நடந்துவிடுகிறது. இயற்பியல் கற்பிப்போர் இவ்விதியைச் சொல்லும்போது அமோந்தோன் என்ற ஒரு சொல்லையும் சேர்த்துச் சொல்லலாம். அதற்குக் கூடுதலாக ஒரு நிமிடமும் ஆகாது.