டிக்கோயாவில் பீனிசம்: ஸ்டீரொயிட் மூக்குத் தெளிப்பான் எங்கே தோற்கிறது?

மலையகத் தோட்டங்களில் பீனிசம் என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. மாதக்கணக்கில் அடைத்த மூக்கு, தொண்டைக்குள் இறங்கும் சளி, கன்னத்திலும் புருவத்துக்கு மேலும் பாரம், கறி கொதிக்கும் வாசனைகூடத் தெரியாத நிலை. இவற்றோடுதான் பலர் விடியற்காலைப் பெரட்டுக்குப் போகிறார்கள். இந்த நோய்க்கு ஸ்டீரொயிட் மூக்குத் தெளிப்பான் இன்று முதல்வரிசை மருந்து. ஆனால் இலங்கை மலையகத்தின் டிக்கோயா போன்ற இடத்தில் அதன் பலன் மூன்றைப் பொறுத்தது: பிடிக்கும் முறையைக் கற்றுக்கொடுப்பது, வாரக்கணக்கில் தடையின்றிக் கொடுப்பது, அடுப்புப் புகையைக் குறைப்பது. மருந்துச் சீட்டோடு வைத்தியம் முடிந்ததாகக் கருதினால் நல்ல மருந்தும் தோற்கும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கன்னத்துக்குப் பின்னால் உள்ள காற்றறையின் வாய் சில மில்லிமீற்றர் அகலமே கொண்டது. சுற்றியுள்ள சவ்வு வீங்கினால் அந்த வாய் அடைபடும். சளி உள்ளே தேங்கும். தெளிப்பான் காற்றறைக்குள் அதிகம் நுழைவதில்லை. அது மூக்குச் சவ்வின் வீக்கத்தைத் தணித்து, சளி வடிய வழி விடுகிறது. ஸ்டீரொயிட் உயிரணுவுக்குள் புகுந்து, அழற்சிப் புரதங்களை உண்டாக்கும் மரபணுக்களின் வேலையை அடக்குவதால் இது நடக்கிறது. இதற்கு நேரம் பிடிக்கும். நிமிடக் கணக்கில் நிவாரணம் கிடைக்காது. முழுப் பலன் தெரிய இரண்டு வாரங்களோ அதற்கு மேலோ ஆகலாம்.

1973இல் டென்மார்க் மருத்துவர் நீல்ஸ் மிகின்ட், மகரந்த ஒவ்வாமைக்கு பெக்லோமெத்தசோன் மருந்தை மூக்கில் தெளித்துப் பெற்ற பலனை பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்டார். புடெசோனைட், புளுட்டிகசோன், மொமெட்டசோன் ஆகியவை பின்னர் வந்தன. 2016இல் வெளியான கொக்ரேன் மீளாய்வு, 12 வாரங்களுக்கு மேல் நீடித்த பீனிசத்தில் இத்தெளிப்பான்களைச் சோதித்த 18 ஆய்வுகளை, மொத்தம் 2,738 பேரின் தகவல்களுடன், ஒன்றாக எடைபோட்டது. மூக்கடைப்பும் சளி ஒழுக்கும் குறைந்தன. மூக்கில் இரத்தம் கசிவது ஏறக்குறைய 2.7 மடங்கு கூடியது. அதுவும் பெரும்பாலும் சிறு கசிவே. 2020இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டியும் தெளிப்பானையும் உப்புநீர்க் கழுவலையும் முதற்படி வைத்தியமாகவே வைக்கிறது.

குறுகிய காலத்தில் தீரும் திடீர்ப் பீனிசத்தின் கதை வேறு. 2013ஆம் ஆண்டின் மற்றொரு கொக்ரேன் மீளாய்வில், திடீர்ப் பீனிசத்துக்குத் தெளிப்பான் பாவித்தோரில் 73 சதவீதத்தினரும் வெற்றுத் தெளிப்பான் பாவித்தோரில் 66 சதவீதத்தினரும் குணம் கண்டனர். வித்தியாசம் உண்டு, ஆனால் சிறியது. திடீர்ப் பீனிசத்தில் பெரும்பங்கு வைரசால் வருவதால், நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையை உடனே எழுதுவதற்கும் நியாயமில்லை.

ஸ்டீரொயிட் என்றதும் பலர் பயப்படுகிறார்கள். மாத்திரையாக மாதக்கணக்கில் விழுங்கும் பிறெட்னிசோலோன் எலும்பைப் பலவீனமாக்குவதும் சீனி நோயைக் கூட்டுவதும் உண்மைதான். ஆனால் புளுட்டிகசோன், மொமெட்டசோன் தெளிப்பான்களில் இரத்தத்தில் சேருவது 2 சதவீதத்துக்கும் குறைவு. பெக்லோமெத்தசோனில் அந்தப் பங்கு கணிசமாகக் கூடும். ஆகவே எந்தத் தெளிப்பான் என்பதும் முக்கியம், சிறுவர்களுக்கு இன்னும் முக்கியம்.

இனி டிக்கோயாவுக்கு வருவோம். லயத்தின் ஒற்றைக் காம்பராவில் ஈர விறகு எரியும்போது புகை போக வழியில்லை. சமைப்பவரின் மூக்குக்கே அது முதலில் போகிறது. மழைக்காலத்தில் சுவர் பூஞ்சணம் பிடிக்கிறது. தொழிற்சாலைக்குள் தேயிலைப் பஞ்சுத் தூசு பறக்கிறது. அத்தூசால் டீமேக்கர்களுக்கு வரும் ஆஸ்துமாவைப் பற்றி இலங்கை மருத்துவர் சி. ஜி. உரகொட 1970இலேயே எழுதினார். மூக்கும் நுரையீரலும் ஒரே பாதையின் இரு முனைகள். மேல் முனையில் அழற்சி இருந்தால் கீழ் முனையில் ஆஸ்துமா வலுக்கலாம். புகை நிற்காத வீட்டில் தெளிப்பான் மட்டும் பாதி வேலைதான் செய்யும். அதற்காகப் புகைபோக்கி வரும்வரை மருந்தைத் தள்ளிப்போடச் சொல்வதும் நோயாளிக்கு இழைக்கும் அநியாயம்.

பாவிக்கும் முறையில்தான் அதிகம் பிழைக்கிறது. போத்தலைக் குலுக்கி, மூக்கைச் சீந்தி, தலையைச் சற்றே குனிய வேண்டும். இடப்பக்கத் துவாரத்துக்கு வலக்கை, வலப்பக்கத்துக்கு இடக்கை. அப்போது முனை நடுச்சுவரை விட்டு காதுப் பக்கம் சாயும். அழுத்திவிட்டு மெதுவாக மூச்சை இழுத்தால் போதும். தலையை அண்ணாந்து பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குள் இறங்கி, கசப்பு மட்டுமே மிஞ்சும். நடுச்சுவரிலேயே தினமும் பீச்சினால் புண்ணாகி இரத்தம் கசியும். தெளிக்க முன் உப்புநீரால் கழுவினால் மருந்து சவ்வைத் தொடும். ஆனால் பீலித் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றிய பின்பே மூக்கில் விட வேண்டும்.

பொறுமை இரண்டாவது சிக்கல். அடைப்பை ஐந்து நிமிடத்தில் திறக்கும் சைலோமெட்டசோலின் சொட்டு மருந்தைப் போட்டவருக்கு, மூன்று நாளாகியும் பலன் தெரியாத ஸ்டீரொயிட் தெளிப்பான் ஏமாற்றமாகவே தோன்றும். அரைப்பேராகும் (அரைநாள் கூலியாகும்) பயத்தில் கொழுந்துக்குப் போகிறவர் சொட்டு மருந்தையே நாடுவதில் வியப்பில்லை. ஒரு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் அதுவே அடைப்பை வரவழைக்கும் என்பதை அவரிடம் யாராவது சொல்லியாக வேண்டும்.

மூன்றாவது, கணக்கு. புளுட்டிகசோன் ஒரு பீச்சலில் 50 மைக்ரோகிராம். துவாரத்துக்கு இரண்டு வீதம் நாளுக்கு நான்கு பீச்சல் என்றால், 120 பீச்சல் கொண்ட போத்தல் 30 நாள் வரும். பன்னிரண்டு வாரத்துக்குக் கிட்டத்தட்ட மூன்று போத்தல் வேண்டும். ஒரு போத்தலோடு அனுப்பிவிட்டு, குணமில்லை என்று எழுதினால் அது மருந்தின் தோல்வியாகாது. 2022 பொருளாதார நெருக்கடியில் அரச வைத்தியசாலைகளே மருந்துக்குத் தவித்தபோது, தொடர்ச்சி அறுந்தால் என்னவாகும் என்பதை நாடே கண்டது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் புடெசோனைட் மூக்குத் தெளிப்பான் இருக்கிறது. ஆதலால் இதை ஆடம்பர மருந்தாக ஒதுக்க முடியாது.

இந்திய உதவியுடன் 150 கட்டில்களோடு எழுந்த டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை 2017 மே 12 அன்று திறக்கப்பட்டது. மலைச்சரிவிலுள்ள லயத்திலிருந்து அங்கு போய்வர ஒரு நாள் பேர் போய்விடும். எனவே கற்பித்தலும் மருந்து புதுப்பித்தலும் தோட்ட டிஸ்பென்சரியிலேயே நடக்க வேண்டும். முதல் நாளில் வெற்றுப் போத்தலை நோயாளியின் கையில் கொடுத்துச் செய்துகாட்டச் சொல்லலாம். நாலாவது வாரம் மீண்டும் பார்க்கலாம். கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை மங்கல், கடும் தலைவலியுடன் காய்ச்சல் வந்தால் அன்றே வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும். ஒரு பக்கம் மட்டும் நாற்றச் சளியோ இரத்தமோ வந்தால் தெளிப்பானோடு காத்திருக்காமல் காது, மூக்கு, தொண்டை நிபுணரிடம் அனுப்ப வேண்டும். முறையாகப் பாவித்தும் பன்னிரண்டு வாரத்தில் தேறாதவரையும் அவ்வாறே அனுப்பலாம். சத்திரசிகிச்சை தேவையா என்று நிபுணர் தீர்மானிக்கும்போது, மருந்து உண்மையிலேயே மூக்குக்குள் போனது என்ற உறுதி அப்போதுதான் அவருக்கு இருக்கும்.